பசியாறியது சாப்பாட்டில் சேராது

அந்த ஆண்டு என் மனைவி பதினான்கு கிலோ இளைத்தாள். முதல் நான்கு கிலோவுக்குக் காரணம் எங்களுக்குத் தெரியும். மிச்சம் பத்துக்கும் காரணம் தெரியும் என்று ஏறக்குறைய மூன்று மாதம் நம்பிக்கொண்டிருந்தோம்.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். அரசாங்க அலுவலகம் ஒன்றின் கோப்பு அறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பிறகும் கை சும்மா இருக்கவில்லை. என்ன மழை, யார் வந்தார்கள், எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் வரை படித்தேன், எங்கே என்ன உண்டோம் என்று தினமும் அரைப் பக்கமாவது எழுதுவேன். இதை யாரும் படிக்கப்போவதில்லை என்று மனைவி சொல்வாள். அது எனக்கும் தெரியும். ஆனால் எழுதுகிறவன் தானும் படிக்காமல் விடலாம் என்பது அந்த ஆண்டுதான் தெரிந்தது.

தைப்பூசம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் காஜாங்கிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்திருந்தாள். அதற்கு முந்தைய வாரம்தான் மருத்துவர் என் மனைவியின் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, சர்க்கரையும் வாசலில் வந்து நிற்கிறது, எடையைக் குறைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவளுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது, எழுபத்தைந்து கிலோ. மகள் அம்மாவின் கைப்பேசியை வாங்கி ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தாள். தமிழிலேயே கேட்கும், தமிழிலேயே பதில் சொல்லலாம் என்பதுதான் அதில் எல்லோருக்கும் பிடித்த விஷயம்.

அது வேலை செய்த விதம் எளிமையானது. காலை ஒன்பதுக்கும், மதியம் ஒன்றரைக்கும், இரவு எட்டுக்கும் ஒரு மணி ஒலிக்கும். திரையில் ‘சாப்பிட்டீர்களா?’ என்று வரும். ‘ஆம்’ என்று தொட்டால் ஒரு பட்டியல் விரிந்து என்ன, எவ்வளவு என்று கேட்கும். ‘இல்லை’ என்று தொட்டால் மேலே ஒன்றும் கேட்காது. ஞாயிறு காலையில் எடை இயந்திரத்தில் ஏறி எண்ணைப் பதிய வேண்டும். குறைந்திருந்தால் திரை முழுக்க வண்ணக் காகிதப் பூக்கள் விழும், மேளம் கொட்டும். அந்த வாரத்தின் சுருக்கமும் வரும். நான் அந்தச் சுருக்கத்தை ஞாயிறுதோறும் என் நோட்டில் சிவப்பு மையால் பிரதி எடுத்துக்கொண்டேன். அதே பக்கங்களில்தான் நீல மையால் நாங்கள் எங்கே என்ன உண்டோம் என்பதும் இருந்தது.

முதலில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அவள் சீனி போட்ட தேத்தண்ணீரை விட்டாள். பல் மருத்துவர் ஒருவரிடம் முகப்பு மேசையில் வேலை பார்த்தாள்; போகவும் வரவும் நடந்தாள். ஆடி முடியும்போது எழுபத்தொன்று. ஆறு மாதத்தில் நான்கு கிலோ. மருத்துவர் கேட்டதும் அந்த அளவுதான்.

ஆவணியில் ஒரே மாதத்தில் மூன்று கிலோ குறைந்தது.

இந்த இடத்தில் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பண்டமாரானில் இருந்தார், துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர். வேலையை விட்ட பிறகு காலையில் நடக்கத் தொடங்கினார். இளைத்தார். பார்த்தவர்கள் எல்லோரும் நடையைப் பாராட்டினோம். ‘அண்ணன் முகம் தெளிந்திருக்கிறது’ என்று என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. ஐந்து மாதம் கழித்து வயிற்றுக்குள் கட்டி என்றார்கள். அதற்குப் பிறகு ஏழு வாரம் இருந்தார். ஆகவே இளைப்பு என்பது எனக்கு ஒருபோதும் நல்ல செய்தி மட்டுமாக இருந்ததில்லை. இருந்தும் அந்த ஆவணியில் நான் பயப்படவில்லை, ஏனென்றால் என்னிடம் காரணம் இருந்தது. சிவப்பு மையில் ஒவ்வொரு வாரமும் அது எழுதப்பட்டிருந்தது: பெரும்பாலான நாட்களில் ஒரு வேளை உணவு மட்டும். இவ்வளவு குறைவாகச் சாப்பிடுகிற ஒருத்தி இளைக்காமல் என்ன செய்வாள்?

ஆவணிக் கடைசியில் அழுத்தம் பார்க்கப் போனபோது மருத்துவர் செயலியில் இறங்கிப் போகும் கோட்டைப் பார்த்தார். தொடருங்கள், ஆனால் பட்டினி கிடக்காதீர்கள் என்றார். பட்டினி கிடக்கவில்லை என்று அவள் சொன்னாள். அது உண்மை. மூவரும் அந்த உண்மையைக் காதில் வாங்கிக்கொண்டோம், நாங்கள் இருவரும் எழுந்து வந்துவிட்டோம்.

வெளியே எல்லோரும் புகழ்ந்தார்கள். பல் வைத்தியத்துக்கு வந்த பெண்கள் அந்தச் செயலியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். நாங்கள் வழக்கமாகப் போகும் கடையில் ரொட்டி போடுகிறவர் என்னைப் பார்த்து, “அங்கிள், ஒங்க மகளாக்கும்னு நெனச்சேன் லா, ஆன்டியா இது” என்றார். அவள் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வேறு சிலவற்றையும் நான் குறித்திருக்கிறேன். மின்விசிறியை ஐந்தில் வைத்தாலும் வேர்க்கிறது என்கிறாள், வயது அப்படி. தேத்தண்ணீர் ஊற்றும்போது கை நடுங்கித் தட்டில் சிந்துகிறது. குறைவாகச் சாப்பிடுவதால் இருக்கும். பத்திரிகையை மடித்து வைக்கவில்லை என்று என்னிடம் சத்தம் போட்டாள். வேலையில் ஏதோ தொல்லை. வளையல் தானாகக் கழன்று பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது; நல்லதுதான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஒரு விளக்கம் எழுதியிருக்கிறேன். விளக்கம் எழுதியதும் ஒரு கோப்பை மூடியது போல இருக்கும்.

புரட்டாசி வந்தது. எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கச் சைவம். அறுபத்தெட்டில் தொடங்கிய மாதம் அறுபத்து நான்கில் முடிந்தது. கறியும் மீனும் இல்லாத மாதத்தில் இளைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்று கோயிலில் பார்த்தவர்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். மாதம் முடிந்த முதல் ஞாயிறு ஆட்டிறைச்சி வறுத்தாள். மூன்று முறை போட்டுக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க மீன் தலைக் கறி, கோழி, முட்டை என்று விட்டதையெல்லாம் பிடித்தோம். நான் கொஞ்சம் நிம்மதியாகவே அடுத்த ஞாயிறுக்காகக் காத்திருந்தேன். ஒன்றரைக் கிலோவாவது ஏறியிருக்கும் என்று நினைத்தேன்.

அறுபத்திரண்டு புள்ளி எட்டு. திரையில் பூக்கள் விழுந்தன, மேளம் கொட்டியது. அவள் கைப்பேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

அந்த வார எண்ணை எழுதப் பேனாவை எடுத்தேன். அண்ணன் வீட்டு முற்றத்தில், தொளதொளவென்று தொங்கும் சட்டையோடு அவர் நின்றது நினைவுக்கு வந்தது. நல்லது என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

அன்று முதல் அவளைப் பார்க்காமல் பார்க்கப் பழகினேன். குளித்துவிட்டு வரும்போது தோள் எலும்பைப் பார்த்தேன். படிக்கட்டில் ஏறும்போது எத்தனையாவது படியில் மூச்சு வாங்குகிறாள் என்று எண்ணினேன். நூலகத்தில் உடம்பைப் பற்றிய புத்தகங்கள் இருக்கும் அடுக்கில் நின்று படித்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்தால் அட்டையை அவள் பார்த்துவிடுவாள். படிக்கப் படிக்க, ஒன்றாக இருந்த பயம் வகைவகையாகப் பிரிந்தது. குடல், கணையம், இரத்தம், நுரையீரல். மருத்துவரிடம் போகலாம் என்று சொல்ல மூன்று முறை வாயெடுத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்கு என்னிடம் இருந்த பதிலை எங்கள் வீட்டுக்குள் சத்தமாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, ரவிக்கை தைக்கக் கொடுக்கக் கிள்ளான் போனோம். பழைய ரவிக்கை எதுவும் இனி உடம்பில் நிற்காது என்றாள். அவளுக்குப் பதினைந்து வருடமாகத் தைக்கும் பெண் ஒருத்தி அங்கே கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறாள். என்னைப் போலவே நோட்டுப் போட்டு எழுதுகிறவள். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், வருடா வருடம் அளவுகள்.

“எட்டு நாள்ல தச்சுக் குடுன்னு வர்றீங்களே அக்கா, நான் என்ன மிஷினா” என்று தொடங்கினாள். பிறகு நாடாவைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துப் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். இடுப்பு முப்பத்தெட்டு, இப்போது முப்பத்திரண்டு. கை பதிமூன்று, இப்போது பத்தரை. மிச்சத் துணியில் எனக்கு ஒரு கைக்குட்டை தைத்துவிடலாம் என்றாள். என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

போன தீபாவளிக்குக் காலர் வைத்த ரவிக்கை தைத்திருந்தாள். இந்த முறையும் அப்படியே வேண்டும் என்றாள் என் மனைவி. தையல்காரப் பெண் நாடாவைக் கழுத்தில் சுற்றினாள். எண்ணைப் பார்த்தாள், எழுதவில்லை. அவிழ்த்து மறுபடி சுற்றினாள்.

“இது மட்டும் ஏறியிருக்கே. போன வருஷம் பன்னெண்டே முக்கால். இப்ப பதினாலு.”

“போன வருஷம் நீ தப்பா எடுத்திருப்ப” என்றாள் என் மனைவி.

“தப்பா எடுத்திருந்தா அந்தக் காலர் கொக்கி மாட்டியே இருக்காது அக்கா. நீங்க போட்டுக்கிட்டு வந்து எனக்கு முறுக்கு குடுத்தீங்க.” நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு சற்று நேரம் அவள் கழுத்தையே பார்த்தாள். குரலில் கேலி போய்விட்டிருந்தது. “ஒடம்பெல்லாம் எறங்கி கழுத்து மட்டும் எப்படி ஏறும்? டாக்டர்ட்ட காட்டுங்க. தீவாளிக்கு முன்னுக்கே காட்டுங்க.”

கிள்ளான் நிலையத்தில் ரயிலுக்கு இருபது நிமிடம் இருந்தது. நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் அவள் கழுத்தைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழியில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்து, உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபப் மூன்றை அவள் தின்றாள், பிறகு இரண்டு வடை. என்னுடைய பங்கையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்போது கைப்பேசியில் மணி ஒலித்தது. ஒன்றரை. அவள் விரலில் இருந்த எண்ணெயைக் காகிதத்தில் துடைத்துவிட்டு, ‘சாப்பிட்டீர்களா?’ என்பதற்கு ‘இல்லை’ என்று தொட்டாள்.

“ஏன் இல்லைன்னு அமுக்கற?”

“சாப்பிடலையே.”

“இப்ப தின்னியே.”

“கறிபப் சாப்பாடாங்க?” அவள் கேலி செய்யவில்லை. நான் ஏதோ புரியாமல் கேட்பதாக நினைத்து விளக்கம் சொன்னாள். வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்துச் சாப்பிட்டால் அப்போது ஆமாம் என்று போடுவாளாம்.

காலையில் என்ன தொட்டாய் என்று கேட்டேன்.

“காலைல ஒங்களோடதானே ஒக்காந்து பசியாறினேன். அது சாப்பாட்டுல சேருமா? பசியாறிட்டீங்களான்னு கேட்டா ஆமான்னு சொல்லியிருப்பேன். சாப்பிட்டீர்களான்னுல்ல கேக்குது.”

“நாம தின்ன நாசி லெமாக், தேங்காப்பால்ல வடிச்ச சோறுதானே?”

“காலைல தின்னா அது பசியாறல். என்னங்க, இன்னிக்குத்தான் புதுசா தமிழ் படிக்கிற மாதிரி கேக்குறீங்க.”

ராத்திரிக்கு என்று நான் கேட்கவில்லை. ராத்திரியில் எங்கள் வீட்டில் சப்பாத்தியோ தோசையோதான். யாராவது தொலைபேசியில் கேட்டால், இன்னும் சாப்பிடவில்லை, சப்பாத்தி தின்றோம் என்று நானே சொல்லியிருக்கிறேன். இந்த நாட்டில் நான் பிறந்ததிலிருந்து காலையில் யாரும் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை, பசியாறினாயா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். சாப்பாடு என்றால் சோறு, அதுவும் மதியம். செயலியைத் தமிழில் எழுதியவருக்கு இது தெரியாது. ஒன்பது மாதமாக அந்தக் கேள்விக்கு அவள் ஒரு பொய் கூடச் சொல்லவில்லை.

ரயிலில் அவள் தூங்கிவிட்டாள். கழுத்தின் பக்கவாட்டில் நரம்பு துடிப்பது தெரிந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். சிவப்பு மையைக் கையால் மறைத்துக்கொண்டு நீல மையை மட்டும் படித்தேன். மாசியில் காலை இரண்டு தோசை. ஆனியில் மூன்று. ஆவணியில் நாசி லெமாக் இரண்டு பொட்டலம், பதினொரு மணிக்கு வேலையிடத்தில் ஒரு தட்டு மீ கோரெங். புரட்டாசியில், எல்லோரும் விரதத்தால் இளைத்தாள் என்று சொன்ன மாதத்தில், ஒரு சனிக்கிழமை மாலை மட்டும் ஐந்து பஜ்ஜி, ஒரு தட்டு கேசரி, பிறகு ரொட்டி சானாய் மூன்று. நான் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? ‘இன்று நல்ல பசி.’ பக்கத்திலேயே சிவப்பில்: ஒரு வேளை உணவு.

அவள் குறைவாகச் சாப்பிடவே இல்லை. மாதத்துக்கு மாதம் அதிகமாகத் தின்று, மாதத்துக்கு மாதம் இளைத்திருந்தாள். என்னிடம் இருந்த ஒரே காரணம் போய்விட்டது.

நான் நோட்டை மூடுவதற்குள் அவள் பின்னால் வந்து நின்றிருந்தாள். கடைசி இரண்டு வாரப் பக்கங்களில் நூலகத்தில் எடுத்த குறிப்புகளும் இருந்தன, நோய்களின் பெயர்களோடு. அவள் நின்றபடியே படித்தாள்.

“நான் சாகப்போறேன்னு எத்தன நாளா நெனச்சிக்கிட்டிருக்கீங்க?”

“பதிமூணு நாளா.”

“பதிமூணு நாளும் எதிர்ல ஒக்காந்து என்கூடப் பசியாறியிருக்கீங்க.” நோட்டை மேசையில் வைத்தாள். “ஒரு வார்த்த சொல்லல.”

அதற்குப் பிறகு ஞாயிறு முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. அன்று காலை எடை இயந்திரத்திலும் ஏறவில்லை.

திங்கட்கிழமை மருத்துவரிடம் போனோம். இந்த முறை கைப்பேசியை வெளியே எடுக்கவில்லை. கழுத்து அளவையும் நீல மையில் இருந்த உணவுப் பட்டியலையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அவர் தாளைப் படித்தார், எழுந்து வந்து அவள் பின்னால் நின்று கழுத்தை இரண்டு கையாலும் தொட்டார், தண்ணீர் விழுங்கச் சொன்னார். கைகளை நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் விசிறிக்காற்றில் ஆடுவது போல ஆடியது. விசிறி ஓடவில்லை. நாடியை ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். இரத்தம் எடுத்தார்கள், இதயத்துக்கு ஒரு படம், மறுநாள் கழுத்துக்கு ஸ்கேன். தைராய்டாக இருக்கலாம், கட்டி ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், வியாழக்கிழமை வாருங்கள் என்றார். போன முறையே உணவைப் பற்றி இன்னும் கேட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவில்லை. மருத்துவர் ஒருவர் வருத்தப்படுகிற அளவுக்கு விஷயம் இருக்கிறதோ என்றுதான் தோன்றியது.

திங்கள் முதல் வியாழன் வரை என் நோட்டில் ஒன்றும் இல்லை. பல ஆண்டுகளில் அந்த நான்கு பக்கம் மட்டும்தான் வெறுமை. மகள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து, தான்தானே அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தது என்று அழுதாள். என் மனைவி அவளைத் தேற்றினாள். என்னைத் தேற்ற அவள் இன்னும் தயாராக இல்லை.

வியாழக்கிழமை மருத்துவர் சொன்னது இது. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது. தின்பதையெல்லாம் உடம்பு எரித்துத் தள்ளுகிறது. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியிருக்கிறது. இன்னும் சில வாரம் இப்படியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வந்து பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். கழுத்தில் ஒரு சிறு முடிச்சு இருக்கிறது, பார்வைக்குக் கெட்டதாகத் தெரியவில்லை, ஆனால் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது வேலை செய்கிறதா என்பது இரத்தத்தில் தெரியும், எடையிலும் தெரியும். எடை ஏற வேண்டும். ஏறாவிட்டால் வேறு வழி யோசிக்க வேண்டும்.

தீபாவளியன்று அவள் புது ரவிக்கையைக் காலர் கொக்கி மாட்டாமல் போட்டுக்கொண்டாள். வந்தவர்கள் இன்னும் புகழ்ந்தார்கள். அவள் நன்றி சொன்னாள்.

ஆறு வாரம் கழித்து மறுபடி போனோம். வீட்டில் அவள் எடை பார்க்கவே இல்லை, நானும் கேட்கவில்லை. நோய் தெரிந்த வாரத்தில் அறுபத்தொன்று. அதற்குக் கீழே என்றால் மருந்து பிடிக்கவில்லை என்று பொருள். தாதி ஒரு தமிழ்ப் பெண். என் மனைவியை எடை இயந்திரத்தில் ஏற்றினாள்.

“அறுவத்திரெண்டு, ஆன்டி.”

“ஏறிடுச்சா” என்று என் மனைவி சட்டென்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள். “இந்த வாரம் கொஞ்சம் அதிகமா தின்னுட்டேன்மா” என்று அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஆறு வாரத்தில் முதல் முறையாக நேராக.

நான் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலணியைக் கழற்றவில்லை. போன முறை வெறுங்காலோடு ஏறியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. காலணியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை பார்க்க முடியுமா என்று தாதியிடம் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு வேலை நிறைய இருந்தது, ஆனாலும் சரி அங்கிள் என்றாள்.

என் மனைவி கீழே இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு காலணியைக் கழற்றினாள். மறுபடி ஏறினாள். எண் கொஞ்ச நேரம் இங்கும் அங்கும் அலைந்தது.

அறுபத்தொன்று புள்ளி நான்கு.

ஏறியிருந்த நானூறு கிராம் என்பது இரண்டு தம்ளர் தண்ணீர். கிளம்பும்போது அவள் தண்ணீர் குடித்தாளா என்று யோசித்துக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தேன்.